சுமாரான ஆண்டில் ஆஸ்கர் யாருக்கு? கணிப்பு வழிகள், ஓர் ஒப்பீடு

2023-ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஆஸ்கர் கணிப்பது பெரிய வேலையாக இல்லை. 'ஓப்பன்ஹைமர்' 13 பரிந்துரைகளோடு முன்னால் நின்றது. ஹாலிவுட்டின் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம் தரும் விருதுகள், பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி விருது), கோல்டன் குளோப் எல்லாம் அதன் பக்கமே சாய்ந்தன. கடைசியில் ஏழு ஆஸ்கர். அப்படிப்பட்ட ஆண்டில் எந்த வழியில் போனாலும் ஒரே விடைக்குத்தான் வந்து சேருவோம். தலைநிமிர்ந்து நிற்கும் படம் என்று ஒன்று இல்லாத ஆண்டில்தான் வழிக்கு வழி விடை மாறும். எதை நம்புவது என்ற கேள்வியும் அப்போதுதான் எழும்.

2018, 2020, 2024 மூன்றும் அந்த வகை. (இங்கே ஆண்டு என்றால் போட்டிக்குரிய படங்களின் ஆண்டு, விழா அதற்கு அடுத்த ஆண்டில் நடக்கும்.) 2020-இல் பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடிக்கிடந்தன. பெரிய படங்கள் தள்ளிப்போயின. ஆஸ்கர் வழங்கும் அகாடமி, படங்களின் தகுதிக் காலத்தை 2021 பிப்ரவரி 28 வரை நீட்டித்து, விழாவை ஏப்ரல் 25-க்குக் கொண்டுபோனது. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள்களும் நடிகர்கள் 118 நாள்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் தாக்கம் 2024-இன் பட்டியலில் தெரிந்தது. 2018-க்கு இப்படி வெளிக்காரணம் எதுவும் இல்லை. படங்கள் இருந்தன, எதற்கும் ஒருமித்த ஆதரவுதான் இல்லை. கோல்டன் குளோபின் டிராமா பிரிவில் 'பொஹிமியன் ராப்சடி', தயாரிப்பாளர் சங்கத்தில் 'கிரீன் புக்', பாஃப்டாவில் 'ரோமா', நடிகர் சங்கத்தின் குழு நடிப்பு விருது (ஒரு படத்தின் நடிகர் கூட்டம் முழுவதற்கும் தருவது) 'பிளாக் பாந்தர்' படத்துக்கு. நான்கு இடம், நான்கு படம்.

கணிப்பவருக்குச் சுமாரான ஆண்டு என்பதன் பொருள் இதுதான். படங்களின் தரம் குறைந்ததா என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வாக்குகள் சிதறுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வாக்கை எப்படி எண்ணுகிறார்கள்

எந்த முறையைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கணிப்பவர்கள்தான் சுமாரான ஆண்டுகளில் அதிகம் தவறுகிறார்கள்.

பரிந்துரைக் கட்டத்தில் பெரும்பாலான பிரிவுகளுக்கு அந்தந்தத் துறையினரே வாக்களிக்கிறார்கள். இயக்குநர்கள் இயக்குநர்களையும் நடிகர்கள் நடிகர்களையும் பரிந்துரைக்கிறார்கள். சிறந்த படத்துக்கு மட்டும் எல்லா உறுப்பினர்களுக்கும் வாக்கு உண்டு. இறுதிக் கட்டத்தில் எல்லாரும் எல்லாப் பிரிவுக்கும் வாக்களிக்கலாம். அங்கே சிறந்த படம் தவிர மற்ற பிரிவுகளில் கணக்கு எளியது: யாருக்கு அதிக வாக்கோ அவருக்கு விருது. ஐந்து பேர் போட்டியிடும் பிரிவில் வாக்குகள் நன்றாகச் சிதறினால் 21 சதவீதம்கூட வெற்றிக்குப் போதும்.

சிறந்த படம் அப்படியல்ல. 2009 முதல் அங்கே விருப்ப வரிசை வாக்கு. உறுப்பினர் பத்துப் படங்களையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்துகிறார். முதல் இட வாக்குகளில் எந்தப் படமும் பாதியைத் தாண்டவில்லை என்றால், கடைசியில் இருக்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு விழுந்த ஒவ்வொரு சீட்டையும் அதில் அடுத்து எழுதியிருக்கும் படத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும். ஒரே ஒரு படத்தை மட்டும் எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விட்டவரின் சீட்டு, அந்தப் படம் நீங்கியதும் எண்ணிக்கையிலிருந்தே வெளியேறிவிடும்.

நூறு வாக்கு வைத்துப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கடைசிச் சுற்றுகளில் நான்கு படங்கள் மிஞ்சியிருப்பதாகக் கொள்வோம்: அ 34, ஆ 26, இ 22, ஈ 18. ஈ நீங்குகிறது. அதன் 18 சீட்டுகளில் 11 இ-க்கும், 4 ஆ-வுக்கும், 3 அ-வுக்கும் போகின்றன. இப்போது அ 37, இ 33, ஆ 30. அடுத்து ஆ நீங்குகிறது. அதன் 30 சீட்டுகளில் 20 இ-க்கும் 10 அ-வுக்கும் போனால், இ 53, அ 47. முதல் சுற்றில் மூன்றாம் இடத்தில் இருந்த படம் விருது வாங்கிவிட்டது. முதலிடத்தில் இருந்த அ-வை நேசித்தவர்கள் அதிகம்தான். ஆனால் மற்றவர்கள் அதைச் சீட்டின் அடியில் தள்ளியிருந்தார்கள்.

வலுவான ஆண்டில் முன்னணிப் படம் முதல் சுற்றிலேயே பாதியை நெருங்கிவிடும். இந்தக் கணக்கு பெரிதாக வேலை செய்யாது. சுமாரான ஆண்டில் முன்னணிப் படத்துக்குச் சுமார் கால் பங்கு முதல் வாக்குதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மீதி முழுவதையும் இரண்டாம், மூன்றாம் இடங்களே முடிவு செய்கின்றன. ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. பரிந்துரை பெறுவதற்குத் தீவிர ரசிகர்கள் வேண்டும். வெல்வதற்கு, பிடிக்காதவர்கள் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே படத்துக்கு அமையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கீழே ஒப்பிடும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம்: அது தீவிரத்தை அளக்கிறதா, பரவலான இசைவை அளக்கிறதா?

திரைப்பட விழாக்கள்

மே மாதம் கான், ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வெனிஸ், டெல்லுரைடு, டொராண்டோ. இவற்றில் கணிப்பாளருக்கு மிகவும் உதவுவது டொராண்டோவின் மக்கள் தேர்வு விருது. 2012 முதல் 2023 வரை அதை வென்ற ஒவ்வொரு படமும் ஆஸ்கர் சிறந்த படப் பட்டியலில் இடம்பிடித்தது. 2024-இல்தான் அந்தச் சங்கிலி அறுந்தது: விருது பெற்ற 'தி லைஃப் ஆஃப் சக்' அந்த ஆண்டு வெளியாகவே இல்லை. ஆக, விழா முடிவைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது வெளியீட்டுத் தேதி.

பட்டியலுக்கு இது நல்ல கருவி, வெற்றிக்கு அல்ல. அந்தப் பன்னிரண்டு படங்களில் ஆஸ்கர் வென்றவை மூன்றுதான்: '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'கிரீன் புக்', 'நோமட்லேண்ட்'. ஆனால் அந்த மூன்றில் இரண்டு சுமாரான ஆண்டுகளில் வந்தவை என்பதைக் கவனியுங்கள். டொராண்டோவில் டிக்கெட் வாங்கி உட்காருபவர்கள் பொதுமக்கள். அவர்கள் கைதட்டும் படம் பெரும்பாலும் யாரையும் துரத்தாத படம். பிற்பாடு அதே குணம்தான் விருப்ப வரிசையில் உதவுகிறது.

கான் விழாவின் முதன்மை விருதான தங்கப் பனை நேர்மாறானது. ஒரு சிறு நடுவர் குழு தருவது. 1955-இன் 'மார்ட்டி'க்குப் பிறகு அதையும் சிறந்த பட ஆஸ்கரையும் சேர்த்து வாங்கிய படம் 2019-இன் 'பாரசைட்' வரை இல்லை. ஐந்து ஆண்டு கழித்து 'அனோரா' வாங்கியது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடாது. 2016-க்குப் பிறகு அகாடமி அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து நிறைய உறுப்பினர்களைச் சேர்த்திருக்கிறது. பழைய புள்ளிவிவரங்களை அப்படியே பொருத்துபவர்கள் வழுக்கும் இடம் இது.

பரிந்துரை எண்ணிக்கை

செய்தித்தாள்கள் முதலில் தலைப்பாக்குவது இதைத்தான், சுமாரான ஆண்டில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். 2018-இல் 'ரோமா'வும் 'தி ஃபேவரிட்'டும் தலா 10 பரிந்துரைகள் பெற்றன. வென்றது 5 பரிந்துரைகள் பெற்ற 'கிரீன் புக்'. 2020-இல் 'மேங்க்' 10 பெற்று இரண்டு விருதோடு நின்றது. 2021-இல் 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரை பெற்று இயக்கத்துக்கு மட்டும் வாங்கியது; மூன்றே பரிந்துரை பெற்ற 'கோடா' மூன்றையும் வென்றது, சிறந்த படம் உட்பட. 2024-இல் 'எமிலியா பெரெஸ்' 13 பெற்று இரண்டு வாங்கியது. ஆறு பெற்ற 'அனோரா' ஐந்தைத் தட்டிச் சென்றது.

காரணம் விளங்கிவிட்டால் இதில் ஆச்சரியம் இல்லை. ஒளிப்பதிவு, ஆடை, ஒலி, ஒப்பனை என்று ஒவ்வொரு துறையினரும் தங்கள் கைத்தொழிலைப் பார்த்துப் பரிந்துரைக்கிறார்கள். பரிந்துரை அதிகம் என்றால் அந்தப் படத்தில் பல துறைகளுக்கு வேலை இருந்தது என்று பொருள். படத்தின் மீது எல்லாருக்கும் விருப்பம் என்று பொருளல்ல.

எண்ணிக்கையைவிட, எந்தெந்தப் பரிந்துரை என்று பார்ப்பது மேல். திரைக்கதைப் பரிந்துரை இல்லாமல் சிறந்த படம் வென்றது 1997-இன் 'டைட்டானிக்'. அதற்கு முன் 1965-இன் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வரை போக வேண்டும். திரைக்கதைப் பட்டியலில் இல்லாத படத்தைத் தயங்காமல் அடித்துவிடலாம். இயக்குநர் பரிந்துரை ஒரு காலத்தில் இதே அளவு கட்டாயமாகக் கருதப்பட்டது. 'ஆர்கோ', 'கிரீன் புக்', 'கோடா' மூன்றும் அது இல்லாமலே வென்றன. மூன்றும் விருப்ப வரிசை வந்த பிறகு நடந்தவை. படத்தொகுப்புப் பரிந்துரை இல்லாமல் வெல்ல முடியாது என்ற விதியும் 1981 முதல் 2013 வரை நின்று, 'பேர்ட்மேன்', 'கோடா' இரண்டாலும் உடைந்தது. இன்றைக்கு உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது திரைக்கதை ஒன்றைத்தான்.

எல்லா இடத்திலும் பரிந்துரை பெற்ற படம் பாதுகாப்பானது என்றும் ஒரு நம்பிக்கை உண்டு. 2018-இல் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கக் குழு நடிப்பு, பாஃப்டா சிறந்த படம் ஆகிய நான்கிலும் பெயர் வந்த படங்கள் 'எ ஸ்டார் இஸ் பார்ன்', 'பிளாக்கிளான்ஸ்மேன்' இரண்டும்தான். ஆஸ்கரில் முன்னதற்குப் பாடல் விருது, பின்னதற்குத் தழுவல் திரைக்கதை. அவ்வளவுதான். வென்ற 'கிரீன் புக்'குக்கு நடிகர் சங்கக் குழுப் பரிந்துரையே இல்லை.

சங்க விருதுகள்

கணிப்பில் அதிகம் நம்ப வேண்டிய இடம் இது. ஆனால் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரே எடையில் நிறுப்பது பெரிய பிழை. 2009 முதல் 2024 வரையிலான பதினாறு ஆண்டுகளை எடுத்து, சிறந்த பட ஆஸ்கரோடு ஒவ்வொன்றும் எத்தனை முறை ஒத்துப்போனது என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தயாரிப்பாளர் சங்கம் 13 முறை (2013-இல் 'கிராவிட்டி'யோடு சேர்த்து '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்துக்கும் கொடுத்ததையும் சேர்த்து). இயக்குநர் சங்கம் 10. நடிகர் சங்கக் குழு நடிப்பு 8. பாஃப்டா 7.

தயாரிப்பாளர் சங்கம் முன்னால் நிற்பதற்குக் காரணம் தெளிவு. அதுவும் பத்துப் படம், விருப்ப வரிசை என்று ஆஸ்கரைப் போலவே எண்ணுகிறது. அதாவது பரவலான இசைவை அளக்கும் கருவி அது ஒன்றுதான். தவறிய மூன்று முறை 2015 ('தி பிக் ஷார்ட்', வென்றது 'ஸ்பாட்லைட்'), 2016 ('லா லா லேண்ட்', வென்றது 'மூன்லைட்'), 2019 ('1917', வென்றது 'பாரசைட்'). மூன்று முறையும் வென்ற படத்துக்குத் திரைக்கதை விருதும் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் சங்கத்தில் வென்ற படம் திரைக்கதையில் பலவீனமாகவும், அதன் போட்டிப் படம் திரைக்கதையில் முன்னணியிலும் இருந்தால், ஐயப்பட வேண்டிய நேரம் அதுவே. அந்தப் பதினாறில் பன்னிரண்டு முறை சிறந்த படமே திரைக்கதை விருதையும் வாங்கியிருக்கிறது.

மேலே சொன்ன மூன்று சுமாரான ஆண்டுகளிலும் தயாரிப்பாளர் சங்கம் தவறவில்லை: 'கிரீன் புக்', 'நோமட்லேண்ட்', 'அனோரா'. 2021-இல் 'கோடா'வையும் அதுதான் காட்டிக்கொடுத்தது. அந்த முடிவு ஆஸ்கர் இறுதி வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த நாள்களில் வந்ததால், காட்டியதோடு நிற்காமல் தள்ளியும் விட்டிருக்கக்கூடும்.

இயக்குநர் சங்கத்தின் விருதைச் சிறந்த படத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்வது அதன் பலத்தை வீணாக்குவது. அது சொல்வது இயக்குநர் விருதைப் பற்றி. 1948-இல் தொடங்கியதிலிருந்து 2024 வரை அதன் தேர்வும் ஆஸ்கர் சிறந்த இயக்குநரும் வேறுபட்டது எட்டே முறை. கடைசியாக 2019-இல் சாம் மென்டிஸ் அங்கே வெல்ல, ஆஸ்கர் போங் ஜூன் ஹோவுக்குப் போனது. இத்தனை உறுதியான விதி ஆஸ்கர் கணிப்பில் வேறொன்று இல்லை. இயக்குநர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் வேறு வேறு படத்தைச் சொன்னால், உங்கள் கணிப்புத் தாளிலும் இரண்டு பிரிவையும் பிரித்தே எழுதுங்கள். 2012 முதல் 2021 வரை ஆறு முறை படமும் இயக்குநரும் பிரிந்தார்கள். இயக்குநர் பிரிவில் நேரடி எண்ணிக்கை, படப் பிரிவில் விருப்ப வரிசை. தீவிர ரசிகர் கூட்டம் உள்ள படம் முதலாவதை எடுக்கும், எல்லாருக்கும் ஓரளவு பிடித்த படம் இரண்டாவதை எடுக்கும். 2018-இல் 'ரோமா'வும் 'கிரீன் புக்'கும் பங்கிட்டுக்கொண்டது இப்படித்தான்.

நடிகர் சங்கத்தில் வாக்குரிமை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. அவர்களில் அகாடமி உறுப்பினர்கள் மிகச் சிறு பங்கு. குழு நடிப்பு விருது பெரிய நட்சத்திரப் பட்டாளம் உள்ள படத்துக்குச் சாயும். 2020-இல் 'தி ட்ரையல் ஆஃப் தி சிகாகோ 7', 2024-இல் 'கான்க்ளேவ்'. இரண்டும் சிறந்த பட ஆஸ்கரை வெல்லவில்லை. பாஃப்டாவுக்கு பிரிட்டிஷ் படங்கள் மீது ஒரு சாய்வு உண்டு. '1917', 'கான்க்ளேவ்' இரண்டையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எழுத்தாளர் சங்கத்தின் பட்டியலில் ஒரு படம் இல்லையென்றால் பதற வேண்டாம். அதன் ஒப்பந்தத்துக்கு வெளியே எழுதப்பட்ட திரைக்கதைகள் அங்கே போட்டியிடவே முடியாது. 'தி கிங்ஸ் ஸ்பீச்', '12 இயர்ஸ் எ ஸ்லேவ்', 'பேர்ட்மேன்' மூன்றும் அப்படி வெளியே நின்றவை. மூன்றும் ஆஸ்கரில் படத்துக்கும் திரைக்கதைக்கும் வாங்கின.

கோல்டன் குளோப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாக்களிப்பவர்கள் பத்திரிகையாளர்கள், அகாடமி உறுப்பினர்கள் அல்லர். டிராமா, இசை அல்லது நகைச்சுவை என்று இரண்டு சிறந்த படம் கொடுப்பதால் ஏதாவது ஒன்று அவ்வப்போது பொருந்தும். மேடையில் நல்ல உரை ஆற்றியவருக்கு அது விளம்பரம். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

நிபுணர் சராசரியும் பந்தய விகிதமும்

கணிப்பாளர்கள் பலரின் முடிவைக் கூட்டிச் சராசரி எடுப்பதும், பந்தயச் சந்தையின் விகிதத்தைப் பார்ப்பதும் வசதியான வழி. ஒப்பனை, ஒலி, குறும்படம் போன்ற பிரிவுகளில் நமக்குச் சொந்தமாகத் தகவல் இல்லாதபோது இதைத்தான் நாட வேண்டும். ஆனால் இது தனிச் சான்று அல்ல. அவர்களும் மேலே சொன்ன அதே சங்க முடிவுகளைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். சங்க முடிவையும் சராசரியையும் இரண்டு சான்றாக எண்ணினால் ஒன்றையே இரண்டு முறை எண்ணியதாகும்.

டிசம்பருக்கு முன் இந்தச் சராசரி பெரும்பாலும் பெயர்களின் மதிப்பைக் காட்டும், படங்களின் மதிப்பை அல்ல. சுமாரான ஆண்டில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. எல்லாருக்கும் ஐயம் இருக்கும்போது, ஒரு நல்ல கதை கிடைத்தால் எல்லாரும் அதன் பின்னால் திரள்வார்கள். 2020-இல் மறைந்த சாட்விக் போஸ்மனுக்குத்தான் நடிகர் விருது என்று அனைவரும் நம்பினார்கள். விழாவின் வரிசையே மாறி அந்த விருது கடைசியில் வழங்கப்பட்டது. வென்றவர் ஆண்டனி ஹாப்கின்ஸ். அவர் பாஃப்டாவை வாங்கியிருந்தார் என்ற தகவல் எல்லார் கண்முன்னும் இருந்தது.

சொந்த ரசனை

படங்களைப் பார்த்துவிட்டு, 'இதுதான் சிறந்தது, ஆகவே இதுவே வெல்லும்' என்று எழுதுவது கணிப்பில் மிக மோசமான வழி. ஆனால் ஒரு வேலைக்குச் சொந்தக் கண்ணை விட்டால் வேறு வழியில்லை: இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு எழுந்து போகிறவர்கள் யார் என்று கணிக்க. நீளம், வன்முறை, குழப்பமான முடிவு, அரசியல் உரசல் ஆகியவை சீட்டின் அடித்தட்டுக்குத் தள்ளும் காரணங்கள். இதை எந்தப் புள்ளிவிவரமும் தராது.

நடிப்பு விருதுகளில் நடிகர் சங்கமா, பாஃப்டாவா?

நான்கு நடிப்பு விருதிலும் ஒரே பெயர் எல்லா இடத்திலும் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. நாயகன், நாயகி பிரிவுகளில் இரண்டும் பிரிந்தால் என்ன செய்வது? பழைய அறிவுரை நடிகர் சங்கத்தின் பக்கம் நில் என்பது. அகாடமியில் நடிகர் பிரிவே மிகப் பெரியது என்பது அதற்குச் சொன்ன காரணம். 2018 முதல் 2024 வரை நடந்ததைப் பார்த்தால் அது தலைகீழாகியிருக்கிறது. 2018-இல் க்ளென் க்ளோஸ் நடிகர் சங்கத்தில், ஒலிவியா கோல்மன் பாஃப்டாவில், ஆஸ்கர் கோல்மனுக்கு. 2020-இல் இரண்டு பிரிவும் பிரிந்தன. ஹாப்கின்ஸ், பிரான்சஸ் மெக்டார்மண்ட் என்று பாஃப்டாவின் தேர்வே இரண்டிலும் வென்றது. 2023-இல் லில்லி கிளாட்ஸ்டனை மீறி எம்மா ஸ்டோன். 2024-இல் திமோதி ஷாலமேவை மீறி ஏட்ரியன் பிராடி, டெமி மூரை மீறி மைக்கி மேடிசன். எதிர்த்திசையில் போனது 2022: அந்த ஆண்டு மிஷெல் யோவும் பிரெண்டன் ஃபிரேசரும் நடிகர் சங்கத்தின் தேர்வுகள், பாஃப்டாவினது அல்ல.

ஆக, பிரிந்தால் பாஃப்டா. ஆனால் ஒரு நிபந்தனை: நீங்கள் ஆதரிக்க நினைப்பவர் பாஃப்டாவில் தோற்றாரா, போட்டியிலேயே இல்லையா என்று பாருங்கள். 2020 முதல் பாஃப்டாவின் நடிப்பு, இயக்கப் பரிந்துரைகளில் நடுவர் குழுக்களுக்கும் பங்கு உண்டு. அதனால் பெரிய பெயர்கள் விடுபடுவது சகஜம். 2021-இல் ஜெசிகா சாஸ்டைன் அங்கே பரிந்துரைக்கப்படவே இல்லை; நடிகர் சங்கத்தில் வென்றார், ஆஸ்கரும் வென்றார்.

படத்தின் பலத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும். மேடிசனின் 'அனோரா' சிறந்த படப் போட்டியில் முன்னணி; எல்லாரும் பார்த்த படம். வாக்காளர் எத்தனை பேர் படத்தைப் பார்த்தார்கள் என்பது பல நேரம் நடிப்பின் தரத்தைவிட அதிகம் தீர்மானித்தது. 98-ஆவது விழாவிலிருந்து (2025-ஆம் ஆண்டுப் படங்களுக்கானது), ஒரு பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்தவர்தான் அந்தப் பிரிவில் இறுதி வாக்களிக்கலாம் என்ற விதி வந்துவிட்டது. இனி இந்த அனுகூலம் சற்றுக் குறையலாம்.

சிறு பிரிவுகளில் நம்பத்தக்க சில விதிகள்

சர்வதேசப் படப் பிரிவில் போட்டியிடும் படம் சிறந்த படப் பட்டியலிலும் இருந்தால் அதையே எழுதுங்கள். 'ரோமா', 'பாரசைட்', 'டிரைவ் மை கார்', 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்', 'தி சோன் ஆஃப் இன்டரெஸ்ட்' எல்லாம் அந்த வழி. 2024-இல் இரண்டு படங்கள் அப்படி வந்தன: 'எமிலியா பெரெஸ்', 'ஐ'ம் ஸ்டில் ஹியர்'. பரிந்துரை அறிவிப்புக்குப் பின் முன்னதன் நாயகியின் பழைய சமூக ஊடகப் பதிவுகள் வெளியாகி விவாதமாயின. விருது பின்னதற்குப் போனது. வாக்கெடுப்பு முடியும் முன் வரும் இத்தகைய செய்தி, சிதறிய ஆண்டில் நிலைமையைப் புரட்டிவிடும்.

காட்சி விளைவுகளில் சிறந்த படப் பட்டியலில் உள்ள படத்தை எழுதுவது வழக்கம். 2015-இல் அப்படிப்பட்ட மூன்று படங்களைத் தாண்டி 'எக்ஸ் மெஷினா' வென்றது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒலிக்கு இசையோ போரோ இரைச்சலோ கதையின் நடுவில் இருக்கும் படம். அனிமேஷனில், அந்தத் துறையினர் தரும் ஆனி விருதை மட்டும் நம்ப வேண்டாம். 2023-இலும் 2024-இலும் அங்கே முதன்மைப் பட விருதை வென்றவை ஆஸ்கரில் 'தி பாய் அண்ட் தி ஹெரான்', 'ஃப்ளோ' இரண்டிடம் தோற்றன. நடிகர் தேர்வுக்கான விருது 98-ஆவது விழாவில் புதிதாக வந்த பிரிவு. சாய்ந்துகொள்ளப் பழைய வரலாறு அதற்கு இல்லை. படப் பிரிவில் முன்னணியில் இருப்பதையும் குழு நடிப்பையும் சேர்த்துப் பார்த்து எழுதலாம்.

எப்போது தாளை மூடுவது

2024-ஆம் ஆண்டுப் படங்களுக்கு நாள்காட்டி இப்படி அமைந்தது: தயாரிப்பாளர், இயக்குநர் சங்கங்கள் 2025 பிப்ரவரி 8, ஆஸ்கர் இறுதி வாக்கு பிப்ரவரி 11 முதல் 18, பாஃப்டா 16, நடிகர் சங்கம் 23, விழா மார்ச் 2. நடிகர் சங்க முடிவு வரும்போது ஆஸ்கர் சீட்டுகள் ஏற்கெனவே பெட்டிக்குள். அது வாக்காளர் மனதை மாற்றியிருக்க வழியே இல்லை. ஆனால் கடைசியாக வந்த செய்தி என்பதால் கணிப்பாளர்கள் அதற்கு அதிக எடை கொடுத்துத் தாளை மாற்றினார்கள். ஒவ்வோர் ஆண்டும் வாக்குப்பதிவு மூடும் தேதியைக் குறித்து வைத்து, அதற்குப் பின் வரும் முடிவுக்கு எடையைப் பாதியாக்குங்கள்.

நண்பர்களுக்குள் போட்டி வைத்துக் கணிக்கிறீர்கள் என்றால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது: அதிகம் சரியாகச் சொல்ல வேண்டுமா, முதலில் வர வேண்டுமா? இரண்டும் வேறு. ஐந்து பேர் போட்டியில் எல்லாப் பிரிவிலும் முன்னணியை எழுதினால் போதும். ஐம்பது பேர் என்றால் உங்களைப் போலவே முன்னணிகளை எழுதியவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். ஓரிரு இடத்தில் விலகினால்தான் தனித்து மேலே வர முடியும். எங்கே விலகுவது என்பதற்குக் கணக்கு உண்டு. முன்னணிக்கு 85 சதவீத வாய்ப்பும் அடுத்ததற்கு 10 சதவீதமும் என்று நீங்கள் மதிப்பிடும் பிரிவில் விலகினால் சராசரியாக 0.75 புள்ளி இழப்பு. 50-க்கு 40 என்ற பிரிவில் விலகினால் 0.10 மட்டுமே. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் பிரிந்த நடிப்புப் பிரிவும், தயாரிப்பாளர் சங்கத்தின் தேர்வுக்குத் திரைக்கதை பலம் இல்லாத ஆண்டின் சிறந்த படமும் இந்த இரண்டாம் வகை. இயக்குநர் பிரிவில் இயக்குநர் சங்கத்துக்கு எதிராக மட்டும் விலகாதீர்கள்.